நாலு நிமிஷப் பெட்டி

மூன்று ஸ்க்ரூ கழன்றுவிட்டன. நான்காவது அசைய மறுத்தது. வேங்கடசுப்ரமணியன் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற கத்தியின் முனையை அதில் வைத்து அழுத்தினார். ஸ்க்ரூடிரைவர் வீட்டில் இருந்தது. எங்கே இருக்கிறது என்று மனைவி ராஜலக்ஷ்மிக்குத்தான் தெரியும். அவளைக் கேட்க முடியாது. அவளைக் கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

பக்கத்து வீட்டு சாருலதா கதவோரமாக எட்டிப் பார்த்தாள். மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மனிதர் யாரும் பார்க்காத இடத்தில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டாள். பம்பாய் செம்பூரின் அந்தப் பழைய ஹவுசிங் சொசைட்டியில் அவரைப் பற்றி ஒருத்தர் இவ்வளவு நல்லதாக நினைத்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

ரயில்வேயில் விஜிலன்ஸ் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். வேலை முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் சந்தேகத்துக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. வீட்டில் எந்தச் சாமான் ரிப்பேருக்குப் போனாலும், போவதற்கு முன்னால் அதன் உள்ளே ஆணியால் வி.எஸ். என்று கீறிவிடுவார். பம்பாயில் உள்பாகத்தை மாற்றிவிட்டு மேல்மூடியை மட்டும் திருப்பித் தருவார்கள் என்பது அவருடைய தீர்மானம். மிக்ஸி மோட்டார், காஸ் ரெகுலேட்டர், குக்கர் வெயிட், கோவில் வாசலில் கழற்றி விடுகிற செருப்பின் அடிப்பக்கம், எல்லாவற்றிலும் வி.எஸ். உண்டு. "எனக்கும் ஒண்ணு போட்டு வெச்சுடுங்கோ. நாளைக்கு என்னை ரிப்பேருக்குக் குடுத்தா மாத்திடப் போறா" என்று ராஜலக்ஷ்மி சிரித்திருக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்.

காலையில் ஆறேகாலுக்கு அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து "கொஞ்சம் ஜலம்" என்றாள். அவர் டம்ளரோடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏழு மணிக்கு டாக்டர் வந்தார். சர்ட்டிபிகேட்டை எழுதிக்கொண்டே, "உங்களுக்குத் தெரிஞ்சதுதானே சார். ஆகஸ்ட்லயே சொல்லிட்டேன். ஆபரேஷன் வேண்டவே வேண்டாம்னுட்டாங்க" என்றார்.

"தெரியும்" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

அவருக்குத் தெரியாது. விசாரணையில் தனக்குத் தெரியாது என்பதை எதிராளிக்குக் காட்டக்கூடாது என்கிற பழக்கம் வாயை முந்திக்கொண்டுவிட்டது. டாக்டரின் காலடிச் சத்தம் மூன்று மாடி இறங்கித் தேய்கிறவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய் என்ன ஆகஸ்ட், என்ன ஆபரேஷன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், கூடவே இருந்தவனுக்குத் தெரியாதா என்கிற கேள்வி திரும்பி வரும்.

அப்புறம் பெங்களூர் ஏர்போர்ட்டிலிருந்து மாதவ் பேசினான். ஒரே பிள்ளை. அழுகைக்கு நடுவிலும் காரியத்தை மறக்கவில்லை. "அப்பா, மயானத்துல அம்மாவோட ஆதார் காப்பி கேப்பா. அம்மா ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கா. பிரிண்ட் எடுத்து வெச்சுடுங்கோ."

அசல் ஆதார் பீரோவில் இருந்தது. பீரோ சாவி அவள் இடுப்பில் இருந்தது. அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. அதனால் அவர் உள்ளே போய்க் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினார். அழுத்தியதும் கால்கள் தாமாகச் சமையலறைப் பக்கம் திரும்பின.

அது அவர்கள் வீட்டு வழக்கம். மாதவ் காலேஜில் படிக்கும்போது வாங்கிய பெட்டி. போட்டால் திறப்பதற்கு நாலு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். தினமும் காலை டிபனுக்கு அப்புறம் ராஜலக்ஷ்மி பொத்தானை அழுத்துவாள், இவர் போய்ப் பாலை அடுப்பில் வைத்துக் காபி கலப்பார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் செய்த ஒரே சமையலறை வேலை அதுதான். காபியோடு வந்தால் திரையும் வந்திருக்கும். சாக்கடை மூடியில்லை என்று முனிசிபாலிட்டிக்கு, பால் பாக்கெட்டில் பத்து மில்லி குறைகிறது என்று டெய்ரிக்கு, இப்படி நாளைக்கு ஒரு புகார் அவர் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். "ரொம்ப மெதுவா இருக்குன்னா. உள்ள எதையாவது மாத்தினா வேகமா வரும்னு சொல்றா" என்பாள் சில நாள். "என்ன அவசரம்? காபியைக் குடி" என்பார்.

செப்டம்பரில் திடீரென்று, "என் கை வலிக்கறது, இனிமே நீங்களே அடிங்கோ" என்று அவரை நாற்காலியில் உட்கார்த்திவிட்டாள். சோம்பேறித்தனம் என்று அவர் சந்தேகப்பட்டார். ஒரு விரலால் அடிக்கக் கற்றுக்கொண்டார். கரண்ட் பில் கட்டுவது, பென்ஷன் கடிதம் பார்ப்பது, மாதவுக்குப் படத்தோடு பேசுவது என்று ஒவ்வொன்றாகப் பிடிவாதமாகச் சொல்லிக் கொடுத்தாள். கடைசி மூன்று வாரமாகப் பெட்டி சரியில்லை என்று தொட விடவில்லை. "திங்கக்கிழமை காத்தால காட்டறேன்" என்றாள். இன்றைக்குத் திங்கட்கிழமை.

சமையலறை வாசற்படியைக்கூட அவர் தாண்டவில்லை. உள்ளே டிங் என்றது. திரும்பி வந்து பார்த்தால் திரை முழுசாக விழித்துக்கொண்டு நிற்கிறது. முதல் சந்தேகம் அப்போது விழுந்தது.

இரண்டாவதும் உடனே விழுந்தது. வழக்கமாக அங்கே இரண்டு வட்டங்கள் இருக்கும், ஒன்றின் கீழே ராஜலக்ஷ்மி, மற்றதன் கீழே வேங்கடசுப்ரமணியன். இப்போது ஒரே வட்டம்தான் இருந்தது. அவள் பெயரைக் காணோம்.

தன் பெயரைத் தட்டி உள்ளே போனார். மாதவ் எப்போதோ காட்டிக்கொடுத்தபடி டிஸ்க்கின் அளவைப் பார்த்தார். அதைப் பெட்டி வாங்கின அன்றே பச்சை டயரியில் ஐநூறு ஜி.பி. என்று குறித்து வைத்திருந்தார். திரை இருநூற்று நாற்பது என்றது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதும் அதுவே.

ஆக, பாதிக்கு மேல் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

யார் என்பதிலும் அவருக்குக் குழப்பம் இல்லை. தாராவியிலிருந்து வருகிற கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் பூலோகம். மூன்று வாரமாக வியாழக்கிழமைகளில் அவர் மாட்டுங்கா கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது சமையலறைத் தொட்டியில் ஒரு டீ கிளாஸ் கூடுதலாகக் கவிழ்ந்திருந்தது. "யார் வந்தா?" என்று கேட்டதற்கு, "யாருமில்லை" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன பொய்களை எண்ணினால் ஒரு கை விரல் மிஞ்சும். அதனால் அந்த 'யாருமில்லை'யை அவர் மனதில் குறித்துக்கொண்டார். கேட்காமல் விட்டார், தானாக வெளியே வரட்டும் என்று. இப்போது அவளே போய்விட்டாள்.

நான்காவது ஸ்க்ரூ ஒரு வழியாகக் கழன்று விழுந்தது. பக்கத்துத் தகட்டை இழுத்துவிட்டு டார்ச் அடித்தார். கனமான டிஸ்க் இருக்க வேண்டிய அறை வெறுமையாக இருந்தது. வி.எஸ். இல்லை. அங்கே பிஸ்கட் மாதிரி ஏதோ ஒன்று ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. எடை கூட இல்லை.

வேங்கடசுப்ரமணியனுக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், கோபம் வந்ததும் அவருக்கு ஆறுதலாக இருந்தது. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அந்த ஆகஸ்ட் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

பதினோரு மணிக்கு மாதவ் வந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிரிண்ட் எடுத்தேளா அப்பா?" என்றான்.

"எங்கேர்ந்து எடுக்கறது? டிஸ்க்கையே எடுத்துண்டு போயிட்டான்."

"யாரு?"

"அவன்தான். பூலோகம்."

"அப்பா, இப்பவா இது?" மாதவ் கையைக் கூப்பாத குறையாகச் சொன்னான். "வாத்தியார் வந்துண்டிருக்கார்."

அந்த நேரத்தில்தான் படியில் பூலோகம் ஏறி வந்தான். நாற்பத்தைந்து வயது, தோளில் வேலைப்பை. வாசலில் குவிந்திருந்த செருப்புகளுக்கு நடுவே தன் செருப்பைக் கழற்றப் போனவனை வேங்கடசுப்ரமணியன் நிலைப்படியிலேயே மறித்தார். சாவு வீட்டுக்கு ஸ்க்ரூடிரைவர் பையோடு எவன் வருவான்? மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறான்.

"வாட்ச்மேன் இப்பந்தான் சொன்னான் சார்" என்றான் பூலோகம். "குர்லாவுக்கு ஒரு வேலையாப் போயிட்டிருந்தேன். கேட்டதும் கையும் ஓடல, காலும் ஓடல. அப்படியே வந்துட்டேன்."

"என் டிஸ்க் எங்கே?"

"எது சார்?"

"ஐநூறு. வி.எஸ்.னு கீறியிருக்கும். எங்கே வித்தே?"

பூலோகம் அவரையே பார்த்தான். சாருலதா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வேண்டாம் சார்" என்றான் தாழ்ந்த குரலில். "எல்லாம் பத்திரமா இருக்கு. பொறவு வந்து காட்டுதேன்."

"இன்னிக்கே காட்டு. அவ இல்லைன்னு தெரிஞ்சாச்சு, நாளைக்கு நீ எங்கே இருப்பியோ."

தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பது அவருக்கே கேட்டது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் நிறுத்தப் பயம். நிறுத்தினால் டாக்டர் சொன்னது திரும்பி வந்துவிடும்.

பூலோகம் பையை வாசலிலேயே கழற்றி வைத்தான். முதலில் கூடத்துக்குப் போனான். ராஜலக்ஷ்மியின் கால்மாட்டில் கும்பிட்டபடி நின்றான். கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டான். அப்புறம், "வாங்க சார்" என்று உள்ளே நடந்தான். மாதவ் பின்னாலேயே வந்தான்.

திறந்து கிடந்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வெண்ணெய்க் கத்தியை ஓரமாக எடுத்து வைத்தான். "கீழ மட்டும் பாத்திருக்கீங்க. மேல லைட் அடிங்க சார். பழைய சிடி போடுத இடம் இருக்குலா, அதுக்குப் பொறத்தால."

டார்ச் வெளிச்சத்தில் டிஸ்க் தெரிந்தது. ஒயர் எதுவும் மாட்டாமல், நான்கு பக்கமும் இறுக்கமாகப் பொருத்தியிருந்தது. வி.எஸ். என்று அவர் கையால் கீறியது அப்படியே இருந்தது. அதற்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி, நீல பால்பாயிண்டில் சாய்வான எழுத்தில் எழுதியிருந்தது. முப்பத்தெட்டு வருஷமாக மளிகைச் சீட்டில் பார்த்த எழுத்து.

பாத்தாச்சா? மூடிடுங்கோ.

மாதவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். வேங்கடசுப்ரமணியன் இரண்டு தடவை படித்தார். டார்ச்சை அணைக்கவில்லை.

"புதுசுல எடம் கம்மி, ஓட்டம் ஜாஸ்தி சார்" என்று பூலோகம் மெதுவாக விளக்கினான். "பழசுல ஐநூறு இருந்தாலும் நீங்க வச்சிருந்தது நூறுகூட வரல. பாக்கி எல்லாம் காலி எடந்தான். இருந்ததப் பூராவும் இந்தச் சின்னதுல எறக்கியாச்சு. ரேமு மட்டும் லேமிங்டன் ரோட்டுக் கடையில செகண்ட் ஹேண்ட் எடுத்தேன். மூணு வாரம் போட்டுப் பாத்துட்டுத்தான் விட்டேன், பக்கா."

"நான் புது லேப்டாப் அனுப்பறேன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்றான் மாதவ் சுவரிடம்.

"நானும் சொன்னேன் தம்பி. இந்தப் பழசுக்குப் போயி ஏம்மா மெனக்கெடுதீங்கன்னு. அவருக்கு இந்தக் கீபோர்டுதான் கை பழகிருக்கு, வெளிய ஒண்ணும் மாறக்கூடாது, உள்ள மட்டும் மாத்துன்னாவ. சார் இருக்கும்போது வந்தா டார்ச்ச வச்சுக்கிட்டு என் பொறத்தாலயே நிப்பாரு, அதனால வியாழக்கிழம வான்னாவ." சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவரைப் பார்த்தான்.

வேங்கடசுப்ரமணியன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். வேகத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அளவு, டிஸ்க், டீ கிளாஸ், எல்லாம் நேராகிவிட்டன. ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அதைக் கேட்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் பாக்கி வைத்து அவருக்குப் பழக்கமில்லை.

"அவ பேரை யார் எடுத்தா?"

பூலோகம் கையிலிருந்த ஸ்க்ரூவை உருட்டிக்கொண்டிருந்தான்.

"நீ எடுத்தியா?"

"அம்மாதான் எடுக்கச் சொன்னாவ. போன வியாழக்கிழம. ஒரு பேரு இருந்தாப் போதும்னாவ. ஏம்மான்னு கேட்டேன். அப்பத்தான் இன்னும் ஸ்பீடா வரும்னாவ." ஸ்க்ரூவை மேஜைமேல் வைத்தான். "அதுக்கும் ஸ்பீடுக்கும் சம்பந்தமே இல்ல சார். எனக்கும் தெரியும். அவங்களுக்கும் தெரியும்."

கீழே ரோட்டில் ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது.

ஒரு குமாஸ்தாவின் கால் ஆடுவதை வைத்தே பொய்யைக் கண்டுபிடித்தவர் என்று ஆபீசில் அவருக்குப் பெயர் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். நாலு மாதம் ஒரே கட்டிலில் படுத்திருந்தாள், எதிரே உட்கார்ந்து காபி குடித்தாள். கை வலிக்கிறது என்றாள், நீங்களே அடிங்கோ என்றாள். அவர் கண்டுபிடித்தது ஒரு டீ கிளாஸ். வேங்கடசுப்ரமணியன் கட்டிலில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கேட்ட அதே விளிம்பு.

பூலோகம்தான் பெட்டியை மூடி, ஆதாரைத் தேடி எடுத்துப் பிரிண்ட் போட்டான். பொத்தானை அழுத்தியதிலிருந்து காகிதம் கையில் வர இரண்டு நிமிஷம் ஆகவில்லை. படத்தில் ராஜலக்ஷ்மி ஆதார் எடுத்தவனை முறைத்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் வந்து மந்திரம் சொன்னார். மாதவ் ஈர வேஷ்டியோடு எல்லாம் செய்தான். மயானத்தில் வரிசை இருந்தது, கவுண்டரில் இருந்தவன் காகிதத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டான். குர்லா வேலைக்குப் போகாமல் பூலோகமும் கூடவே வந்து, ஓரமாக ஒரு மரத்தடியில் நின்றிருந்தான். வேங்கடசுப்ரமணியன் அவனைப் பார்த்தார், அவன் பார்த்தபோது பார்வையை நகர்த்திக்கொண்டார். தகன உலையின் கதவு மூடியபோது மாதவ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பிள்ளையின் கை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்து குளித்தார்கள். கூடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள், தரை இன்னும் ஈரமாக இருந்தது. இன்றைக்கு இந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்க வேண்டாம், எல்லாம் தன் வீட்டிலிருந்து வரும் என்று சாருலதா சொல்லிவிட்டுப் போனாள். பூலோகம் வாசலோடு நின்று தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். சாவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அதனால் எதுவும் சொல்லாமல் படியிறங்க ஆரம்பித்தான்.

"பூலோகம்."

இரண்டு படி இறங்கியவன் நின்றான்.

"காத்தால நான் அப்படிப் பேசியிருக்கப்படாது."

"அது கெடக்கட்டும் சார்."

வேங்கடசுப்ரமணியன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வந்தது அது மட்டும் அல்ல. "அதைப் பழைய மாதிரி ஆக்க முடியுமா?"

"எத சார்?"

"பெட்டியை. மெதுவா."

பூலோகம் ஒரு படி மேலேறி அவர் முகத்தைப் பார்த்தான். எத்தனையோ பேர் வேகமாக்கித் தரச் சொல்லி அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்படிக் கேட்ட ஆள் இவர் ஒருவர்தான். "பழசு உள்ளதான கெடக்கு சார்" என்றான் கடைசியில். "புதுசுலேர்ந்து ஒயரக் கழத்தி அதுல மாட்டுனாப் போதும். ஒரு நிமிஷ வேல. ஆனா தொறக்க நாலு நிமிஷம் ஆகும்."

"தெரியும்."

"அதுல..." பூலோகம் பையின் வாரைச் சரி செய்துகொண்டான். "அதுல நான் கை வைக்கவே இல்ல சார். ரெண்டு பேரு பேரும் அப்படியே இருக்கும்."

அவர் கதவை அகலத் திறந்து விலகி நின்றார்.

இந்தத் தடவை டார்ச்சோடு அவன் பின்னால் போய் நிற்கவில்லை. கூடத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "ஆச்சு சார்" என்று குரல் வந்ததும் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினார். உள்ளே பழைய டிஸ்க் கர்ர்ர் என்று இழுத்து, ஒரு தரம் தொண்டையைச் செருமிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. திரை கறுப்பாக இருந்தது.

வேங்கடசுப்ரமணியன் சமையலறைக்குப் போனார். அடுப்பு துடைத்து வைத்தபடி சில்லென்று இருந்தது. செய்வதற்கு எதுவும் இல்லை. பால் பாத்திரத்தை எடுத்து அடுப்பின் மேல் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றார்.

"அப்பா, இன்னும் வரலை. ரொம்ப ஸ்லோவா இருக்கே" என்று மாதவ் உள்ளேயிருந்து கூப்பிட்டான்.

"வரட்டும்" என்றார். "என்ன அவசரம்?"

பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அவர் காலிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறவரைப் போல.